எர்த் வயர் நிர்ணயம்: ஊவா மலைநாட்டுப் பழைய வாகனங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பழைய மொரிஸ் மைனரில் சிக்னலைப் போட்டால் சில வேளை பின்லைட்டும் கூடவே மினுங்கும். காரணம் பற்றி அறிஞர் மூன்று கட்சியாவர். பல்பைப் பழிப்போர் ஒரு கட்சி. பற்றரியைப் பழிப்போர் மற்றொரு கட்சி. பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்வோர் மூன்றாம் கட்சி. மூன்றும் பிழை. மூன்றாவதில் செலவாவது குறைவு.

இனிச் சித்தாந்தம்: குற்றம் எர்த்தில். மின்சாரம் பல்புக்குப் போவது வயரில்; திரும்பி வருவது செசியிலும் வண்டியின் பொடியிலும்; இந்தத் திரும்பு வழியே எர்த். இரும்பு முழுவதும் வயர்தான் என்றாலும் பார்வைக்கு அப்படித் தெரியாததால் அதைச் சந்தேகிப்பார் இல்லை. செல்ப் அடிக்கையில் 100 அம்பியருக்கு மேல் ஓடும். துருவேறிய ஒரு போல்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

தோட்டத்து லொறியின் நிலை இன்னும் பரிதாபம். காலையில் நனைந்த கொழுந்து, பிற்பகலில் அமோனியம் சல்பேட் மூட்டை, ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழை. உர உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பும் தப்பாது, இரும்பும் தப்பாது. லான்ட் ரோவரிலோ அலுமினியப் பொடி இரும்புச் செசிமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் தொடுமிடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும்.

எஞ்சின் ரப்பர் மேல் நிற்பதால் அதற்கும் செசிக்கும் இடையே தனியே ஒரு பட்டை வயர் உண்டு. அது அற்றால் மின்சாரம் சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். “அண்ணே, சோக்கு சுடுது, புகையுது!” என்று கிளீனர் கத்துவது இவ்வாய்வின் தலைசிறந்த சான்று.

பரிகாரம் சொல்லுமுன் ஒரு விலக்கு: 1960களின் நடு வரை வந்த இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பொடியோடு கட்டியிருப்பது பிளஸ். பழக்கதோஷத்தில் மைனஸை மாட்டினால் ரேடியோவுக்குக் கருமாதி. எனவே எது எர்த் என்று பார்த்து, அந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். வயர் நுனியை மட்டும் தேய்ப்பது அரைகுறைப் புலமை. அது உட்காரும் இடத்துப் பெயிண்டையும் துருவையும் எமரித் தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். மாட்டி முடித்தபின் வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சினிலும் வைத்து ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்க. அரை வோல்ட்டைத் தாண்டினால் மறுபடியும் கீழே படுக்க வேண்டியதுதான்.

வாஸ்லின் பூசுவதில் முன்பூச்சு, பின்பூச்சு என இரு கொள்கை உண்டு. உலோகம் உலோகத்தோடு இறுகிய பிறகு மேலே பூசுவதே எமது துணிபு. அந்த வாஸ்லின் யாருடைய அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் வீட்டில் எழும் பூசல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.