தட்டிப் பார்ப்பவர்

கிரகப்பிரவேச வீட்டில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் நீல விளக்கு, பூஜையறைக் கதவில் வரிசையாகத் தொங்கும் மணிகள். ஒருவர் மட்டும் குனிந்திருப்பார். வேட்டியை மடித்துக் கட்டி, ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே நகர்வார். பூர்ணாஹுதிக்கு ஐயர் கூப்பிடும் நேரம் அவர் ஹாலின் ஈசானிய மூலையில் காதைத் தரைக்குக் கொடுத்திருப்பார். ஏதோ சனிப்பெயர்ச்சிப் பரிகாரம் போலிருக்கிறது என்று புதியவர்கள் விலகி வழிவிடுவார்கள். பழகியவர்களுக்கு வயிறு கலங்கும்.

தேங்காய்க் கடையில் நிற்பவரைப் போல அவருக்குச் சத்தம்தான் கணக்கு. 'டொக்' என்றால் அடுத்த டைலுக்குப் போய்விடுவார். 'டொப்' என்றால் நிற்பார்.

"அடியில காலி. கலவை முழுசாப் படியலை."

"எங்க மாமா?"

"இங்க. இதோ, இங்கயும். நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணு, அஞ்சு உருண்டை வெச்சு அமுக்கிட்டுப் போயிட்டான். சிலிண்டரை இந்தப் பக்கம் உருட்டிடாதீங்க, மூலை தெறிச்சிடும்."

அதன்பிறகு அந்த வீட்டுக்காரருக்குக் காலை டிபன் இறங்காது. இவர் இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவராக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். தபால் நிலையம், மின்வாரியக் கணக்குப் பிரிவு, பள்ளிக்கூடம் இப்படி எங்கிருந்தாவது வந்திருப்பார். கட்டடத் தொழிலில் இருந்தவர்கள் தட்டிப் பார்ப்பதில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய மொசைக் வீட்டைப் புதுப்பிக்கிற குடும்பம் என்றால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அந்தக் குடும்பம் டைல் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கும். குஜராத்தின் மோர்பியில் செய்த 4-க்கு 2 அடிப் பலகை, இத்தாலிச் சலவைக்கல் போல் சாம்பல் நரம்பு ஓடியது, எல்லாம் முடிவாகியிருக்கும். "சார், பழைய தரையைக் கொத்திவிட்டு மட்டம் எடுக்கணும், நாலு நாள் வேணும்" என்று மேஸ்திரி சொல்லும்போதுதான் வீட்டுக்காரர் அந்தப் பொன்மொழியை உதிர்ப்பார்: "அதெல்லாம் எதுக்குப்பா? மேல டைல்ஸ் வந்தா மறைஞ்சிடப் போகுது."

எந்தத் தெருவில் இந்த வாக்கியம் பிறந்தாலும் நம்மவர் அங்கே வந்து நிற்பார். கையில் ரசமட்டம், தோளில் மட்டப்பலகை.

"பெரிய டைல் வளையாதுங்க. தரை வளைஞ்சிருந்தா விளிம்பு தூக்கிக்கும், கட்டைவிரல் பேந்துடும். பத்தடிக்கு 3 மில்லிமீட்டர் ஏத்த இறக்கம், அதுக்கு மேல ஆகாது." பலகையைத் தரையில் வைத்து அடியில் டார்ச் அடிப்பார். பலகைக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகும். வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆன ஹால் அது. அதில் இப்படி ஒரு பள்ளம் இருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவரும்.

பிறகு பாடம் தொடரும். மொசைக் மேல் அப்படியே ஒட்டுவதானால் அது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பாலிஷும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும். கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கலவை போட்டு ஒட்டினால் தரை ஒன்றரை அங்குலம் உயரும், கதவு திறக்காது. இதை முன்கூட்டியே சொன்னதற்காக அவரை ஒரு வீட்டில் அபசகுனம் என்றார்கள். டைல் ஒட்டி முடித்த அன்று அந்த வீட்டுப் படுக்கையறைக் கதவு மூடியபடியே நின்றுவிட்டது. உள்ளே பாட்டி. தச்சர் வந்து கதவைக் கழற்றி அடியை இழைக்கும்வரை ஜன்னல் வழியாகத்தான் காபி போனது.

விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும் என்பது அவர் கட்சி. செராமிக்கை ஊறவைத்த பழக்கத்தில் இதையும் தொட்டியில் போடுகிற கொத்தனாரைக் கண்டால், "குளிக்குதுய்யா அது, குடிக்கலை" என்பார்.

பாத்ரூம் என்றால் இன்னும் மோசம். டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைக்கச் சொல்வார். வீட்டுப் பெண்கள் துண்டும் சோப்புமாகப் பக்கத்து வீட்டுக்கு நடப்பார்கள். இவர் கீழ்வீட்டுக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈரம் தெரிந்தால் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கொத்தனாரை அவர் திட்டமாட்டார். கூலி சதுரடிக் கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற பரப்புக்குத்தான் காசு. கொத்துவதற்கும் கூட்டிக் கழுவுவதற்கும் பள்ளம் நிரப்பித் தண்ணீர் விட்டுக் காத்திருப்பதற்கும் யாரும் தனியாகத் தருவதில்லை. "அடி வேலைக்குத் தனிக் கூலி எழுதுங்க" என்று அவர் வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்பதால்தான் மேஸ்திரிகள் அவரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவருடைய பொற்காலம் டைல்ஸ் 'வெடிக்கிற' பருவம். நட்ட நடுப்பகலில் பட்டாசு போட்டதுபோல் சத்தம் கேட்டு, ஹால் நடுவில் இரண்டு டைல்கள் முதுகோடு முதுகு சாய்ந்து கூடாரம் போட்டிருக்கும். வீட்டார் ஜோசியரைக் கூப்பிடுவார்கள். நம்மவர் அழையாமலே வந்து, டைலைப் புரட்டி முதுகைக் காட்டுவார். கலவையின் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் சுத்தமாக இருக்கும். "இடைவெளி விடாம நெருக்கி ஒட்டியிருக்கு. சூட்டுல விரியுது. போக எடமில்லை, அடியிலயும் பிடிப்பில்லை. எழும்பிடுச்சு." ஜோசியர் வந்த செலவுக்கு வாசலில் பூசணிக்காய் கட்டிவிட்டுப் போவார்.

அவர் சொந்த வீட்டுக்குப் போனவர்கள் திகைப்பார்கள். தரையில் மூன்று சாயலில் டைல்கள். இரண்டாந்தரச் சரக்கு, தள்ளுபடியில் வாங்கியது. மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு, கான்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. "மேல இருக்கிறதைப் பார்க்காதீங்க" என்று கைப்பேசியைத் திறந்து, டைல் போடுமுன் எடுத்த தரைப் படங்களைக் காட்டுவார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். "இது தெக்கு மூலை" என்பார். நாம் "அருமை" என்போம். அவர் மனைவி சமையலறையிலிருந்து சத்தமாகப் பாத்திரம் வைப்பார்.

போன தையில் பெண்ணுக்கு வரன் அமைந்து, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். "கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் மனைவி. கேசரித் தட்டைக் கீழே வைக்கிற சாக்கில் இவர் குனிந்தார். டொக். மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போனார். ஒரு மரக்கட்டையோடு திரும்பி வந்து தரையில் மண்டியிட்டார். "காசால தட்டுனா மேல்சத்தம்தான் வரும் சம்பந்தி. கட்டையால தட்டணும்."

"அதெப்படிங்க? கட்டை எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டும்!"

பொழுது சாய்ந்தது. சீர், நகை எதிலும் தகராறு இல்லை. காசா கட்டையா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. பொறுத்துப் பார்த்த பெண்ணும் பையனும் தாங்களாகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். கிரானைட் தரை. இரண்டு அப்பாக்களும் தனித்தனியாக அங்கே போய் வந்ததாக மண்டபத்து வாட்ச்மேன் சொல்கிறார்.