கனடாப் பிளெண்டரும் பச்சை முட்டையும்

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இலங்கையில் 230. ரொறன்ரோவில் இருந்து கப்பலில் பெட்டி கட்டி அனுப்பும் பிள்ளைகள் சப்பாத்து, சொக்கிளேற், சவர்க்காரம், குளிருக்குப் போடும் சட்டை எல்லாவற்றையும் நினைத்து நினைத்து அடுக்குவார்கள். இந்த 110 வோல்ட் வித்தியாசம் மட்டும் நினைவுக்கு வராது. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் புதுப் பிளெண்டர் வந்து இறங்கியது இப்படித்தான். ஊருக்கு அவர் மாஸ்டர். இங்கேயும் மாஸ்டராகவே இருக்கட்டும்.

பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களும் எங்கள் சுவர்த் துளைக்குள் போகாது. அடப்டர் போட்டால் போகும். ஆனால் அடப்டர் மாற்றுவது காலை மட்டுமே, வோல்ட்டை அல்ல. அப்படியே செருகி அமத்தியிருந்தால் மோட்டார் அன்றைக்கே கருகியிருக்கும். மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தவர். கிளிநொச்சி ரவுணுக்குப் போய் வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பிளெண்டரை ஒரு கையால் தூக்கலாம். ட்ரான்ஸ்போமருக்கு இரண்டு கையும் ஒரு முனகலும் வேண்டும்.

“இஞ்சாருங்கோ, இதுக்கு எங்கட அம்மி பாரம் குறைவு” என்றார் மனைவி.

போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்காக இருந்த ஊர் இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட சனம். சைக்கிள் டைனமோ ஒன்று தருவது 3 வாட். மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: 900 வாட் பிளெண்டரை ஓட்ட 300 சைக்கிள் வேண்டும், சுற்ற 300 பேர் வேண்டும், குடிக்கப்போவது ஒருவர். இப்போது கம்பியில் மின்சாரம் வருகிறது. ஆனாலும் முழுதாக நம்ப முடியாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. மாஸ்டரின் வளவுக்கும் குரங்குகள் வருவதுண்டு. அவை மாங்காயோடு திருப்திப்பட்டுக் கொள்கின்றன.

பிளெண்டர் வந்த காரணம் மாஸ்டரின் சீனி வருத்தம். ரொறன்ரோவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்முறையில் மாச்சத்துக் குறைவு, புரதம் கூட: பாதாம் பால், அவகாடோ, சியா விதை, வே புரதத் தூள். மாவையும் சீனியையும் குறைத்தால் உடம்பு குறையும் என்று 1863 இல் சிறு புத்தகம் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங். தன் வைத்தியர் சொன்னபடி சாப்பிட்டு மெலிந்தவர். தொழில், செத்த வீட்டுக் காரியங்களை எடுத்து நடத்துவது. சொந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு சனத்துக்கு நல்லது சொன்ன மனுசன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் லண்டனில் சொல்வது வேறு, வட்டக்கச்சியில் செய்வது வேறு. 1902 இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் பூமி இது. 1950களில் காணி பிரித்துச் சனத்தைக் குடியேற்றியதே நெல் விளைக்கத்தான். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. வன்னியில் ஒருவருடைய கோப்பையில் 100 கிராம் சோறு போட்டுக் கொடுத்தால், பூனைக்கு வைக்கச் சொல்லித் தந்ததாக நினைத்துப் பூனையைத் தேடுவார்.

பாதாமுக்குப் பதில் கச்சான் என்று மாஸ்டர் முடிவெடுத்தார். கோயில் திருவிழாக்களில் மணலில் வறுத்துச் சுருளில் கட்டித் தருகிறார்களே, அதே கச்சான். 30 கிராம் கச்சானில் 7 கிராமுக்கு மேல் புரதம், மாச்சத்து 5 கிராம் அளவில். 200 கிராம் தயிரில் இன்னொரு 7 கிராம் புரதம். சியாவுக்குப் பதில் எள்ளு. பச்சைக்கு வளவு முருங்கையிலை. எல்லாவற்றையும் போட்டு அமத்தினார். சத்தத்துக்குப் பக்கத்து வளவு நாய் குரைத்தது. வந்த திரவம் கடும் பச்சை, மேலே நுரை. மனைவி எட்டிப் பார்த்து, “மாட்டுக்கு வைக்கட்டோ?” என்று கேட்டார். கேள்வியில் நக்கல் இல்லை. உண்மையிலேயே மாட்டுக்கென்று நினைத்துவிட்டார்.

ருசிக்கு வாழைப்பழம் போட்டால் வழுவழுவென்று வரும். நடுத்தரப் பழம் ஒன்றில் 27 கிராம் மாச்சத்தும் கூடவே வரும். ஒன்று போட்டால் குடிக்கலாம், போடாவிட்டால் ஆரோக்கியம். மாஸ்டர் பாதி போட்டார். மற்றப் பாதியை நின்ற நிலையிலேயே சாப்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த யந்திரம் பிறந்ததே மாச்சத்துக்காக. அமெரிக்காவின் ரசீன் நகரில் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி 1922 இல் பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகை வைத்தது மால்ட் பால் அடிக்க. ரசீன் ஹோர்லிக்ஸின் ஊர். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்கப் போகும்போது காவிக்கொண்டு போகிற அதே போத்தலின் ஊர். சீனி வருத்தக்காரருக்கும் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்; வெறுங்கையோடு போகேலாது.

அதே அமெரிக்காவில், லூசியானாவில் ஸ்டீவ் கூனாவ் என்பவர் பிளெண்டர் பானம் விற்கும் ‘ஸ்மூதி கிங்’ கடையைத் திறந்தது 1973 இல். அதே ஆண்டில்தான் இலங்கையில் திரிபோஷா தொடங்கியது. சோளமும் சோயாவும் சேர்த்த மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசம். மகளின் வே புரதம் பெரிய பிளாஸ்டிக் வாளியில், மூடியில் தசை முறுக்கிய ஒருவனின் படத்தோடு வருகிறது. திரிபோஷாவுக்குப் படம் தேவைப்படவில்லை. வீட்டில் உள்ள பெரியவர்களே அதில் பாதியைச் சீனி போட்டுக் குழைத்து உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

மாச்சத்தே இல்லாத புரதப் பானம் வேண்டுமென்றால் மாஸ்டரின் மனைவி பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே குடித்துவிட்டார். பெரியபிள்ளையானதும் விடிய வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். ஓட்டை உடைத்து, எண்ணெயை விட்டு, ஒரே மூச்சில் விழுங்கவேண்டும். அம்மம்மா பக்கத்தில் நின்று மூக்கைப் பிடிப்பார். புரதம் 6 கிராம், மாச்சத்து இல்லை என்றே சொல்லலாம், மின்சாரம் சுத்தமாக வேண்டாம்.

மாஸ்டர் சும்மா விடவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சமைத்த முட்டைப் புரதத்தில் 90 வீதத்துக்கு மேல் சமிக்கிறது, பச்சை முட்டையில் பாதியளவுதான் என்று எடுத்துச் சொன்னார்.

“அப்ப எங்களுக்கு மற்றப் பாதிய ஆர் தந்தது?” என்றார் மனைவி. அடுத்த நாள் பிளெண்டருக்குள் அவித்த முட்டை விழுந்தது. அதன் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இப்போது பிளெண்டர் காலையில் மாஸ்டருக்குக் கச்சானும் தயிரும் அடிக்கிறது, பின்னேரம் தோசைக்கு உளுந்து அரைக்கிறது. இரண்டாவது வேலையைப் பற்றி ரொறன்ரோவுக்குத் தகவல் போகவில்லை. சீனி வருத்தக் கிளினிக் வாங்கில் தன் முறை வரும்வரை மாஸ்டர் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்முறையை அளவோடு, கிராம் கணக்கோடு, கரும்பலகை ஒன்றுதான் குறை என்கிற மாதிரி விளக்குகிறார். போன கிளினிக்கில் ஒரு வயதான கமக்காரர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி மாஸ்டர், உதைச் சோத்துக்கு முந்திக் குடிக்கிறதோ, பிந்திக் குடிக்கிறதோ?” என்றார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிந்தி” என்றார்.