ஓடாத மின்விசிறியும் ஓயாத சந்தேகங்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பொறியியல் கல்லூரிகளில் ட்ரிபிள் ஈ என்று வழங்கும் மின்னியல் பிரிவில் பயிலும் மாணவர்களிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் வந்தவை. ஆதலால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவ்விதழின் பக்கங்களை இவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கரூர் வாசகர் ஒருவர்: என் மகன் ட்ரிபிள் ஈ மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் சீலிங் ஃபேன் நின்றுபோயிற்று. “நீ பாரப்பா” என்றேன், விழித்தான். தெருமுனை எலெக்ட்ரீஷியன் வந்து ஐந்தே நிமிஷத்தில் ஓடவைத்துவிட்டுப் போனார். கல்லூரியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அந்த ஐந்து நிமிஷத்தில் எலெக்ட்ரீஷியன் மாற்றியது பெரும்பாலும் ஒரு சிறிய கெபாசிட்டராகத்தான் இருக்கும். சாதாரண வீட்டு மின்விசிறிக்கு அதன் அளவு 2.5 மைக்ரோஃபாரட். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் ஒரு சுருளில் பாயும்போது அங்கே பிறக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஊசலாடுமேயன்றிச் சுழலாது. அவ்வூசலைக் கணிதக் கண்கொண்டு நோக்கினால், எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சம பலமுள்ள புலங்களின் கூட்டாக அது விளங்கும். இரண்டும் சமமாய் இழுப்பதால், நின்றுகொண்டிருக்கும் மின்விசிறி எப்பக்கமும் நகர மாட்டாமல் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டே நிற்கும். இரண்டாவது சுருள் ஒன்றை அமைத்து, அதில் பாயும் மின்னோட்டத்தைக் கெபாசிட்டரின் துணையால் சற்றே முந்தச் செய்தால், புலம் சுழலத் தொடங்கும், காற்றும் வரும். சுழலும் புலம் என்னும் இந்த அற்புதத்தை இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் ஒருவரை ஒருவர் சாராமல் கண்டறிந்து, இருவருமே 1888-இல் உலகுக்கு வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் தங்கள் குமாரர் பரீட்சைத்தாளில் இரண்டு பக்கம் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுதியது தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வரும்போது, ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைத் தங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். மேலே நிற்பவருக்கு எதை மாற்ற வேண்டுமென்று தெரியும், கீழே நிற்பவருக்கு ஏன் மாற்ற வேண்டுமென்று தெரியும். ஒரு மணி நேரம் அவர்கள் பேசிக்கொள்ளட்டும். காப்பிச் செலவு தங்களுடையது.

தஞ்சாவூர் மாணவி: பாலம் கட்டுகிறவர்கள் பாலத்தைப் பார்க்கிறார்கள், எஞ்ஜின் படிக்கிறவர்கள் எஞ்ஜினைப் பார்க்கிறார்கள். நாங்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் படிக்கிறோம். முதல் வருஷம் முழுவதும் இருட்டில் நடப்பதுபோல் இருந்தது. இது எப்போது தெளியும்?

காண்பது பிரத்தியட்சம் என்றும், கண்டதைக்கொண்டு காணாததை அறிவது அனுமானம் என்றும் வகுத்த நம் தர்க்க சாஸ்திரிகள், மலையின்மேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிவதை அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். தாங்கள் படிப்பது முழுக்க முழுக்க அனுமான சாஸ்திரம். மீட்டரின் முள் அசைவது புகை. கம்பிக்குள் நிகழ்வது நெருப்பு. இடையிலுள்ள வியாப்தி, அதாவது ‘இது இருந்தால் அது உண்டு’ என்னும் பிசகாத தொடர்பு, கணிதம். ஆகவே, கணிதத்தை இத்துறையின் வாசலில் நின்று மாணவர்களைத் தடுக்கும் காவலாளியாக எண்ணுவது பெரும்பிழை. கண் செல்லாத இடத்துக்கு நாம் கொண்டுசெல்லும் கண் அதுவே. மாறுதிசை மின்னோட்டக் கணக்குகள் நுண்கணிதச் சமன்பாடுகளாகப் பெருகிப் பொறியாளர்களைத் திணறடித்த காலத்தில், ஸ்டைன்மெட்ஸ் என்னும் மேதை 1893-இல் கலப்பெண்களைக்கொண்டு அவற்றைச் சாதாரணக் கூட்டல் பெருக்கல் அளவுக்கு எளிமையாக்கிக் காட்டினார்; தாங்கள் இன்று அரைப் பக்கத்தில் முடிக்கும் கணக்கு அவர் தந்த பிச்சை.

தெளிவதற்கு ஓர் உபாயம் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் சுவிட்சைப் போடுவதற்கு முன்பு, அம்மீட்டர் எத்தனை காட்டும், வோல்ட்மீட்டர் எத்தனை காட்டும் என்று கணக்கிட்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பிறகு போடுங்கள். முள் அந்த எண்ணருகே வந்து நின்றால், கண்ணால் காணாத ஒன்றைக் கண்டுவிட்டோம் என்ற ஆனந்தம் உண்டாகும்; வராமல் வேறெங்கோ போய் நின்றால், ஏன் என்ற கேள்வி அன்றிரவு உறங்கவிடாது. இரண்டுமே லாபந்தான். எழுதாமல் சுவிட்சைப் போடுகிறவருக்கு எந்த எண் வந்தாலும் ஒன்றுதான். அவருக்கே இருட்டு நீடிக்கிறது. முன்னரே யாரோ எழுதிய ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பார்த்து, அளக்காத எண்களை அழகாக எழுதிச் சிவப்பு மையில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் கல்லூரிகள் பலவற்றில் வேரூன்றியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் மாணவர்களைத் தூங்கவாவது விடலாம், உடம்புக்கு நல்லது.

திண்டுக்கல் மாணவர்: மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கையும் மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

2 மார்க் வரும். 13 மார்க் வராது. கணிதம் அதிகம் கல்லாத, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய ஃபாரடே, இரும்புத்தூளைத் தூவிக் காந்தக் கோடுகளைப் பார்த்தவர். 1831-இல் மின்தூண்டலைக் கண்டுபிடித்தவர். அவர் கண்டதைத்தான் மேக்ஸ்வெல் கணிதமாக்கினார். அக்கணிதத்தை இன்று தாங்கள் மனப்பாடம் செய்திருக்கும் நான்கு வரி வடிவத்துக்குச் சுருக்கிய ஹெவிசைடோ பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், பல்கலைக்கழகத்தில் பயிலாதவர். முதலில் ஒரு காந்தமும் கொஞ்சம் இரும்புத்தூளும் சம்பாதியுங்கள்.

சேலத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர்: மெஷின்ஸ் லேப் என்றாலே உள்ளங்கை வியர்க்கிறது. டி.சி. மோட்டாரின் ஸ்டார்ட்டர் பிடியைத் தள்ளும்போது நண்பர்களெல்லாம் இரண்டடி பின்னால் போய்விடுகிறார்கள். பயத்தை எப்படிப் போக்குவது?

முழுவதும் போக்கிக்கொள்ளாதீர்கள், அதில் ஒரு பகுதி தங்களுக்கு வேண்டியது. காரணம் தெரியாத பயத்தைக் காரணம் தெரிந்த ஜாக்கிரதையாக மாற்றிக்கொள்ளுங்கள், அது போதும். 220 வோல்ட்டில் ஓடும் மோட்டார் ஒன்றின் ஆர்மேச்சர் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் மோட்டாரை நேராக மின்சாரத்தில் இணைத்தால் 440 ஆம்பியர் பாய்ந்துவிடும். ஓடத் தொடங்கிய மோட்டாரோ, தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது. அது 210 வோல்ட் ஆகும்போது மீதமுள்ள 10 வோல்ட்டுக்கு 20 ஆம்பியரே பாயும். தன் வேகத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் இந்த இயந்திரத்துக்கு வேகம் வரும்வரை காவலாக நிற்கும் மின்தடைகளே ஸ்டார்ட்டர். பிடியைத் தாங்கள் மெதுவாக நகர்த்துவதன் பொருள், மோட்டார் தன் எதிர் மின்னழுத்தத்தைச் சம்பாதிக்க அவகாசம் தருகிறீர்கள் என்பதுதான். இது மனத்தில் பதிந்தபின் எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டுமென்று கைக்கே தெரிந்துவிடும்; சத்தமும் காதுக்குச் சொல்லும்.

அதோடு இரண்டு விஷயங்களை மறவாதீர்கள். சீரீஸ் மோட்டாரைச் சுமையில்லாமல் ஒருபோதும் ஓட்டக்கூடாது. சுமை குறையக் குறைய அதன் புலம் நலிந்து, வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, சுற்றுகள் பிய்ந்து சிதறும் அளவுக்குப் போய்விடும். கரண்ட் டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றை, முதல் சுற்றில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது திறந்துவிடக் கூடாது. ஆபத்தான உயர் மின்னழுத்தம் அங்கே தோன்றிவிடும். நண்பர்கள் இரண்டடி பின்னால் போகிறார்களே, அவர்களிடம் இவ்விரண்டின் காரணத்தையும் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் முன்னால் வருவார்.

விழுப்புரம் மாணவி: கவுன்சலிங்கில் எலெக்ட்ரிகல் எடுத்தேன். “பொம்பளைப் பிள்ளைக்குக் கரண்டு வேலை எதுக்கு?” என்று பாட்டி தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

பாட்டியை அருகில் உட்காரவைத்து, அவருடைய தலைமுறைக்கும் முந்திய ஒரு கதையைச் சொல்லுங்கள். சென்னையில் 1919-இல் பிறந்த அ. லலிதா, பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டாவது வயதில், கைக்குழந்தையாக ஒரு மகள் இருக்கும்போது கணவரை இழந்தார். அக்காலத்தில் அந்நிலையிலுள்ள பெண்ணுக்குச் சமூகம் வகுத்துவைத்திருந்த வாழ்வு எத்தகையதென்று பாட்டிக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்னியல் பேராசிரியராயிருந்த அவருடைய தந்தையார், மகளை அந்த வாழ்வுக்கு விட்டுக்கொடுக்காமல், ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியிலேயே மின்னியல் படிக்கச் சேர்த்தார். அதன்பின் வேறு இரு பெண்களும் அங்கே சிவில் படிக்க வந்து சேர்ந்தார்கள். லலிதாவுக்குப் பட்டம் வழங்கியபோது, அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாலைக் குறித்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதவேண்டியிருந்ததாம். பின்னர்க் கல்கத்தாவில் அசோஷியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்கடத்துப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்த அவர், பக்ரா நங்கல் அணைக்கான பணியிலும் பங்குகொண்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

கதை முடிந்ததும் பாட்டி வேறொரு கேள்வி கேட்பார்: “அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?” மிக நல்ல கேள்வி அது. உறவினர் பார்த்துக்கொண்டார்கள். படிக்கும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வீடே நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பாட்டி நம்மைவிட நன்றாக அறிவார்.

வேலூர் மாணவர்: மூன்று அரியர். வாழ்க்கையே முடிந்ததுபோல் இருக்கிறது.

மூன்று பாடங்கள் முடியவில்லை, அவ்வளவுதான். எந்த மூன்று என்று தாங்கள் எழுதவில்லை. எனினும், சர்க்யூட் தியரி அவற்றில் ஒன்றாக இருக்குமானால் அதை முதலில் எடுங்கள். மற்றவற்றின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கோயம்புத்தூர் மாணவர்: வகுப்பில் எல்லோரும் மென்பொருள் நிறுவனங்களுக்கே போகிறார்கள். எதற்காக டிரான்ஸ்பார்மரும் டிரான்ஸ்மிஷன் லைனும் படிக்க வேண்டும்?

முதலில், போகிறவர்கள் நம் வீட்டைவிட்டு அந்நியர் வீட்டுக்குப் போகவில்லை. ரிலேக்களாலான மின்சுற்றுகளை பூலியன் தர்க்கத்தால் கணிக்கலாம் என்று காட்டி, கணிப்பொறிகளுக்கு அடிகோலிய கிளாட் ஷானன், 1937-இல் அந்த ஆய்வேட்டை எழுதியபோது மசாசூசெட்ஸில் எலெக்ட்ரிகல் படித்த இருபத்தொரு வயது மாணவர்.

ஆயினும் தங்கள் கேள்வியின் உள்ளே வேறொரு சந்தேகம் இருக்கிறது. இத்துறையில் செய்யவேண்டிய வேலையெல்லாம் தீர்ந்துவிட்டதோ என்பது அது. 1937-லேயே இந்தியாவில் மின்மோட்டார் செய்துகாட்டிய கோவையிலிருந்து இக்கேள்வி வருவதால் விரிவாகவே சொல்கிறேன். நம் மின்தொகுப்பில் நொடிக்கு 50 சுழற்சி என்னும் தாளம், உற்பத்தியும் உபயோகமும் கணந்தோறும் சமமாக இருந்தால்தான் நிலைக்கும். உபயோகம் மிஞ்சினால் தாளம் தளரும். 2012 ஜூலை 30-ஆம் தேதி வட மின்தொகுப்பும், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் சரிந்தபோது, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. அன்று தென்னகம் தப்பியது, மற்றத் தொகுப்புகளோடு அது ஒரே தாளத்தில் பிணைக்கப்படாமல், நேர்மின்னோட்ட இணைப்புகளின் வழியாகவே தொடர்புகொண்டிருந்ததனால்தான். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டது முதல், நாடு முழுவதும் ஒரே தாளத்தில் சுழல்கிறது. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வந்திருக்கிறது. அதன் கொள்ளளவு 6000 மெகாவாட்.

அனல்மின் நிலையத்தின் கனத்த சுழலிகள், திடீர்ச் சுமை வரும்போது தம் சுழற்சியில் சேர்த்துவைத்த ஆற்றலை ஈந்து, சில விநாடி அவகாசம் வாங்கித் தந்தன. 2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் சுழல்வது ஒன்றுமில்லை. வெயில் மேகத்தில் மறைந்தால் மின்சாரமும் குறையும். சுழலிகள் தந்த அந்த அவகாசத்தை இன்வெர்ட்டர்களைக் கொண்டும் மின்கலங்களைக் கொண்டும் எப்படி உண்டாக்குவது என்பது இன்று உலகெங்கும் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினை. வகுப்பில் எல்லோரும் போய்விட்டாலும் தாங்கள் ஒருவர் இருங்கள். வேலை நிறைய இருக்கிறது.

திருச்சி மாணவி: அடுத்த வாரம் துணைமின் நிலையத்துக்கு எங்களை அழைத்துப் போகிறார்கள். செல்ஃபி எடுப்பதைத் தவிர என்ன செய்யலாம்?

செல்ஃபி எடுக்கக் கையை உயர்த்தாமலிருப்பதே அங்கே முதல் பாதுகாப்பு விதி. தரையைப் பாருங்கள்: கருங்கல் ஜல்லி பரப்பியிருப்பது அழகுக்காக அன்று, பழுதின்போது மண்ணில் மின்னழுத்தம் பரவினால், நம் இரு பாதங்களுக்கிடையே பாயும் மின்னோட்டத்தை அது மட்டுப்படுத்தும். டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் உள்ள சிலிக்கா ஜெல் ப்ரீதரைப் பாருங்கள்; பல இடங்களில் அது உலர்ந்திருந்தால் நீலமாகவும் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். காந்தமாகும்தோறும் அதன் இரும்புத் தகடுகள் நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதாலும், ஒரு சுழற்சிக்குள் இது இருமுறை நிகழ்வதாலும், அந்த ஒலியின் அதிர்வெண் 50 அன்று, 100.

இவற்றைப் பார்த்து முடித்ததும், ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டரிடம் போய், லாக் புத்தகத்தில் மணிக்கு மணி என்னென்ன எழுதுகிறார், மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே சுமை எப்படி ஏறுகிறது, கடைசியாக எந்த ஃபீடர் எதனால் டிரிப் ஆயிற்று என்று கேளுங்கள். மாணவர் கூட்டம் வந்து போகும்போது ஆபரேட்டரிடம் ஒருவரும் பேசுவதில்லை. தாங்கள் கேட்டால் அவர் மனங்கனிந்து சொல்வார். சொன்னதைக் குறித்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.