கலப்பெயரும் திணை வழுவும்

நீரில் மிதப்பவற்றைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. நாவாய், வங்கம், திமில், அம்பி, பஃறி, ஓடம், தோணி என்று பழைய பாடல்களே ஒரு துறைமுகத்தை நிரப்பும் அளவுக்குத் தருகின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுக்காவது தனிப்பெயர் இருந்ததா என்று தேடினால் கையில் எதுவும் அகப்படுவதில்லை. குதிரைக்குப் பெயர் இருந்திருக்கிறது. காரி என்ற வள்ளலின் குதிரை காரி. ஓரியின் குதிரை ஓரி. (எசமானனையும் குதிரையையும் ஒரே பெயரால் அழைத்ததில் லாயத்தில் என்னென்ன குழப்பம் நேர்ந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.) இதைவிட வலுவான சான்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்தது. அந்த நன்றியை மறக்காமல்தான் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான். காத்த தெய்வத்தின் பெயர் தலைமுறைகளைத் தாண்டி வந்து ஒரு காப்பியத்துக்கே தலைப்பாகிவிட்டது. உடைந்த கலத்தின் பெயர்? அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. இதை மறதி என்று தள்ளிவிடலாம். இக்கட்டுரை அதை முன்யோசனை என்று கொள்கிறது.

படகுக்குப் பெயர் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். படகு முதன்முதலாக நீரில் இறங்கும் நாளை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அன்றைக்கு அணியத்தில் மாலை இருக்கும், தேங்காய் உடையும், ஒலிபெருக்கி அலறும். எந்தப் பெயரைச் சொன்னாலும் கம்பீரமாகத்தான் கேட்கும். ஆனால் அது ஒரு நாள் கூத்து. மீதி ஆயுள் முழுக்க அந்தப் பெயர் எழுவாயாக நின்று சுமக்கப்போகும் பயனிலைகள் வேறு: ஓட்டை விழுந்தது, தரை தட்டியது, துருப்பிடித்தது, ஏலத்துக்கு வந்தது, கவிழ்ந்தது, மூழ்கியது. ஆகவே ஒரு பெயர் நல்ல பெயரா என்பதை அதற்கு நேரக்கூடிய மிக மோசமான வாக்கியத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இதற்குக் கெட்ட வாக்கியச் சோதனை என்று பெயரிடுவோம். ஹிட்லருக்கு இந்தச் சோதனை தெரிந்திருந்தது. ஜெர்மானியக் கடற்படையிடம் டாய்ச்லாந்து, அதாவது ஜெர்மனி என்றே பெயர் கொண்ட போர்க்கப்பல் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களிலேயே அதன் பெயர் லுட்சோ என்று மாற்றப்பட்டது. ‘ஜெர்மனி மூழ்கியது’ என்று ஒரு நாள் காலையில் செய்தி வந்தால் என்ன ஆவது என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானது, மாற்றுப் பெயரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் புரியவில்லை. 1916இல் ஜட்லாந்து சண்டையில் சேதமாகி மூழ்கடிக்கப்பட்ட முந்தைய ஜெர்மானியக் கப்பலின் பெயரும் லுட்சோதான். ஏற்கெனவே மூழ்கிப் பழகிய பெயரைப் புதுக் கப்பலுக்குச் சூட்டினார்கள். அதுவும் 1945இல் குண்டடிபட்டு ஆழமில்லாத நீரில் தரையில் உட்கார்ந்தது.

ஸ்வீடன் மன்னருக்கு இந்த ஜாக்கிரதை இல்லை. அவர் தம் குலப்பெயரையே சூட்டிய வாசா என்ற கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணம் புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது. விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. கப்பலின் அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவர் மன்னர், கப்பலின் பெயரும் மன்னர் குலத்தது. இந்த நிலையில் தீர்ப்பு எழுதுகிறவர் எழுவாயை எங்கே வைப்பார், பாவம். பிரெஞ்சுக்காரர்களின் பிழை இன்னும் நேரடியானது. ‘வெல்ல முடியாதது’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கப்பலைக் கட்டினார்கள். 1747இல் ஆங்கிலேயர் அதை வென்று பிடித்துக்கொண்டு போனார்கள். பெயர் பொய்த்துப்போனதைக் கண்ணால் கண்ட பிறகும் அதே பெயரில் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1758இல் ஆங்கிலக் கரைக்கு அருகிலேயே அது மணல்திட்டில் மாட்டி அழிந்தது. அதை வென்றது மணல்.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொதுவான இடர். தமிழனுக்கு இதற்கு மேலும் ஒரு இடர் உண்டு, அது இலக்கணத்திலிருந்து வருகிறது. மனிதரையும் தேவரையும் மட்டுமன்றி நரகத்தில் கிடப்பவரைக்கூட உயர்திணையில் சேர்த்துக்கொள்கிறது நன்னூல். படகுக்கு அங்கே இடமில்லை. ஆனால் மனிதர் பெயரைப் படகுக்குச் சூட்டிய மறுகணமே வினைமுற்று நம்மைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி, வந்தாரா வந்ததா என்று கேட்கிறது. கன்னியாகுமரியில் பாறைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் மூன்றின் பெயர்கள் பொதிகை, குகன், விவேகானந்தா. பொதிகை மலையாகையால் அஃறிணைதான், மிதந்தாலும் சிக்கல் இல்லை. குகன் இராமன் தம்பியாக ஏற்றுக்கொண்டவன். ஓடக்காரன் பெயரை ஓடத்துக்கே வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் ‘குகன் இன்னிக்கு ஓடாது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதில் திணை வழுவும் இருக்கிறது, கங்கைக்கரை வேடனுக்கு இழுக்கும் இருக்கிறது. விவேகானந்தாவின் கதை இன்னும் விசித்திரம். 1892இல் அந்தப் பாறைக்கு அவர் நீந்தியே போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. படகில் போகாததற்காகப் புகழ்பெற்ற ஒருவர் பெயரில், அதே பாறைக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு படகில் போகிறோம்.

இந்தத் திணைச் சிக்கலை அறிந்தோ அறியாமலோ மிக நேர்த்தியாகத் தீர்த்ததும் அதே கழகம்தான். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவந்த அதன் மூன்று பெரிய கப்பல்களுக்குத் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று பெயர். முன்னால் நிற்கும் ‘தமிழ்’ என்ற அடையை வெறும் மொழிப்பற்று என்று நினைப்பவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள். ‘பெரியார் கரியோடு தூத்துக்குடி வந்தது’ என்று சொன்னால் நாக்கு கூசும். ‘தமிழ் பெரியார் வந்தது’ என்றால் ஒருவர் முகமும் கோணாது. அடைமொழி நடுவில் நின்று, கப்பலின் கரி தலைவரின் வேட்டியில் படாமல் காக்கிறது. ஆங்கிலேயருக்கு இந்த உபாயம் கைவரவில்லை. கப்பல் எதுவானாலும் ‘அவள்’ என்று சொல்லும் வழக்கத்தால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் என்று பெயர் சூட்டிய போர்க்கப்பலையும் அவள் என்றே குறிப்பிட்டு வந்தார்கள். லண்டனின் பழம்பெரும் கப்பல் துறை ஏடான லாயிட்ஸ் லிஸ்ட் 2002இல்தான் இனிக் கப்பல் ‘அது’ என்று முடிவு செய்தது. நன்னூலைப் புரட்டியிருந்தால் சில நூற்றாண்டு மிச்சமாகியிருக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நம் கடற்கரையில் விசைப்படகானாலும் நாட்டுப்படகானாலும் பாதிக்கு மேல் சாமி பெயர்தானே தாங்கி நிற்கிறது? அன்னை வேளாங்கண்ணி, அந்தோணியார், முருகன் என்றெல்லாம் வைத்திருப்பவர்கள் கடலை அறியாதவர்களா? அறிந்தவர்கள்தான், அதனால்தான் அவர்கள் பேச்சைக் கவனிக்க வேண்டும். எந்தக் கரையிலும் ‘அந்தோணியார் உடைஞ்சிட்டார்’ என்ற வாக்கியம் காதில் விழாது. ‘அந்தோணியார் போட்டுல இன்ஜின் மக்கர் பண்ணுது’ என்றுதான் விழும். பழுது போட்டுக்கு, பெருமை அந்தோணியாருக்கு. கழகம் முன்னால் ஒட்டிய காப்பை மீனவர் பின்னால் ஒட்டுகிறார். சாமி பெயருக்கு இன்னொரு வசதியும் உண்டு: படகு போனாலும் பெயர் தேய்வதில்லை. வேளாங்கண்ணிக் கோயிலைப் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் எழுப்பினார்கள் என்பது மரபுக் கதை. அந்தக் கதையும் மாதாவைச் சொல்கிறது, மாலுமிகளைச் சொல்கிறது, கப்பலின் பெயரைச் சொல்வதில்லை. மணிமேகலா தெய்வத்தின் விஷயத்தில் கண்ட அதே நியதி. மகள் பெயர் வைப்பவர்களுக்குத்தான் இக்கட்டுரை எச்சரிக்கை விடுக்க வேண்டியிருக்கிறது. ‘அடியில சிப்பி அப்பியிருக்கு, சுரண்டணும்’, ‘வயசாயிடுச்சு, விலை படிய மாட்டேங்குது’ என்ற வாக்கியங்களை அந்தப் பெயரோடு சேர்த்து வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பெயின்டரைக் கூப்பிடுவது நல்லது.

அப்படியானால் உயிரில்லாதவற்றின் பெயராக வைத்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். ஊர்ப்பெயர் பெரும்பாலும் தேறிவிடுகிறது என்பது உண்மை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய எம்டன் ஒரு ஜெர்மானிய ஊரின் பெயர் தாங்கிய கப்பல். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அதை அடித்து நொறுக்கிய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, அதுவும் ஊர்ப்பெயர். இரண்டு ஊர்களுக்கும் ஒரு சேதமும் இல்லை. எம்டனோ தமிழில் குடியேறி, ‘அவன் பெரிய எம்டன்’ என்று எத்தனையோ மாமனார்களுக்குப் பட்டமாகிவிட்டது. கப்பல் பெயருக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. ஆனால் ஊர்ப்பெயரிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. 2016 நவம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். சென்னை. ‘சென்னை மிதக்கிறது’ என்றால் கடற்படைக்கு நற்செய்தி; டிசம்பர் மாதம் வேளச்சேரிக்காரர் அதே தலைப்பைப் படித்தால் சோபாவை மாடிக்கு ஏற்றத் தொடங்குவார். கப்பல் சேர்வதற்கு ஒரு வருடம் முன்புதான் வெள்ளம் கண்ட ஊர் அது. இந்த விதத்தில் பூப்பெயர்கள் பாதுகாப்பானவை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஒரு வரிசைக் காவல் கப்பல்கள் முழுவதற்கும் பூக்களின் பெயரை வைத்தது. 1940இல் கிளாடியோலஸ் என்ற பூவின் பெயர் கொண்டது ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கியின் அழிவில் பங்கு பெற்றது. கெட்ட வாக்கியத்தில் பூ உதிர்வது இயல்பு. நல்ல வாக்கியத்தில் தோற்றவனுக்கு இரட்டை அவமானம், பூந்தொட்டியில் இருப்பதிடம் தோற்றேன் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

பெயர் சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்ற வாதம் வரலாற்றில் நிற்கவில்லை. எக்ஸான் நிறுவனம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்கெல்லாம் தன் பெயரையே முன்னால் ஒட்டி வைத்தது. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அன்று முதல் உலகம் முழுவதும் சொன்ன வாக்கியத்தின் எழுவாயை நிறுவனமே பெயின்ட் வாங்கிக் கொடுத்து எழுதி வைத்திருந்தது. அடைமொழி தலைவரைக் காப்பது போல நிறுவனத்தைக் காக்காது, ஏனென்றால் இங்கே அடைமொழியே நிறுவனம். பிறகு அந்தக் கப்பல் மெடிட்டரேனியன் ஆயிற்று, கைமாறி டோங் ஃபாங் ஓஷன் ஆயிற்று, ஓரியன்டல் நைசிட்டி ஆயிற்று. 2012இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைபட வந்தபோது செய்தித்தாள்கள் அதை எக்ஸான் வால்டீஸ் என்றுதான் அழைத்தன. பெயர் மாற்றாமலே காலம் தள்ளியவர் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து வந்த இரு கப்பல்களின் பெயர் காலியா, லாவோ. காலியா என்பது ரோமானியர் பிரான்சுக்கு வைத்திருந்த பழம்பெயர்; நாட்டின் ஆகச் சுதேசியான கப்பல் இன்னொரு தேசத்தின் பெயரோடு கொழும்புக்குப் போய்வந்தது. எதிர்க்கம்பெனி கட்டணத்தை வெட்டி, இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்து ஆள் பிடித்த காலத்தில் ‘காலியா?’ என்ற பெயர் துறையில் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் அதன் பெயர் கெடவில்லை. கப்பலைவிடக் கப்பலோட்டியின் பெயர் பெரிதாகிவிட்டால் இச்சோதனை செல்லாது என்று ஒரு புறநடை சேர்க்கலாம்.

கடைசி மறுப்பு, ஊர் கூடிப் பெயர் வைத்தால் தவறு நேராது என்பது. 2016இல் பிரிட்டனின் ஆய்வு அமைப்பு ஒன்று துருவக் கடலுக்கான தன் புதிய கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு மக்களைக் கேட்டது. 1,24,109 வாக்குகளுடன் முதலிடம் பெற்றது போட்டி மெக்போட்ஃபேஸ். தமிழில் படகுமூஞ்சிப் படகப்பன் என்பதற்குச் சமானம். மக்கள் விளையாடிவிட்டார்கள் என்று அரசு வருந்தியது. ஆனால் கெட்ட வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: படகப்பன் பனியில் சிக்கியது, படகப்பன் தரை தட்டியது. ஒருவருக்கும் மானக்கேடில்லை, திணையும் தவறவில்லை. அரசு அதைத் தள்ளிவிட்டு, அப்போது 90 வயதை எட்டவிருந்த, இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டியது. அவ்வளவு பெரிய மனிதரைப் பனிப்பாறைகளுக்கு நடுவே எழுவாயாக நிறுத்தியது துணிச்சலான காரியம். வென்ற பெயர் வீணாகவில்லை, கப்பலோடு வேலை செய்யும் ஆளில்லா நீர்மூழ்கிக்கு அது போயிற்று. அரசு தெரியாமல் செய்த நல்ல காரியம் இது. நீர்மூழ்கிக்கு ‘மூழ்கியது’ என்பது அன்றாட வேலை. அது மிதந்தால்தான் பொறியாளர்கள் கைபிசைய வேண்டும். ஆகவே நீர்மூழ்கிக்குப் பெயர் தேடுகிறவர்கள் மேற்கண்ட வினைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான பட்டியல் தனியே தயாராக வேண்டும். அதில் முதல் வினை ‘மேலே வரவில்லை’ என்பதாக இருக்கலாம்.