பொத்தான் எங்கே, அம்பி?

2022 ஜூன் 15-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் விடைகொடுத்தது. ஒவ்வொரு பிரவுசரோடும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டாம், இனி நிம்மதி என்றார்கள் வெப் டெவலப்பர்கள். பாவம்.

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் ஒரு மாமாவுக்கு இணையதளம் செய்து தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப் குரோமில் எல்லாம் கோடு போட்டாற்போல் நிற்கும். அவர் ஐபோனை நீட்டுவார்: "ஏண்டா அம்பி, ஆர்டர் பொத்தான் எங்கே?"

திரைக்குக் கீழே வழுக்கிப் போயிருக்கும். பக்கத்தின் உயரத்துக்கு '100விஎச்' என்று எழுதினால் முழுத்திரை உயரம் என்பது உங்கள் நினைப்பு. முகவரிப் பட்டை சுருங்கிய பின் கிடைக்கும் உயரம் என்பது ஐபோனின் பிரவுசரான சஃபாரியின் கணக்கு. கேட்டால், அது பிழையல்லவாம், யோசித்து எடுத்த முடிவாம்.

"குரோமில் பாருங்கோ மாமா" என்று தப்பிக்கவும் வழியில்லை. இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் அதே எஞ்சின், ஆப்பிளின் வெப்கிட்தான். போர்டு வேறு, சமையற்கட்டு ஒன்று; இதை மாட்டுங்காவில் விளக்கவே வேண்டாம்.

சஃபாரி 15.4 (2022 மார்ச்) 'டிவிஎச்' என்ற அளவைக் கொண்டுவந்தது. பட்டையோடு சேர்ந்து உயரமும் மாறும். மாமாவின் போனில் இருப்பதோ அதற்கு மூத்த சஃபாரி. அப்டேட் பண்ணச் சொன்னால், "கடைக்கு வர்றவா எல்லார்கிட்டயும் இதைச் சொல்லணுமா?" என்பார்.