நிவாரணம் வேண்டுமா? முதலில் கடன்காரராகி வாருங்கள்

கொரோனா காலத்தில் மத்திய அரசு தனியார் மருத்துவத் துறைக்குச் செய்த உதவிகளில் ஒன்றை மட்டும் மறக்க முடியாது. 2021 மே 7 அன்று வருமான வரித் துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கொரோனா நோயாளிகளிடம் மருத்துவமனைகள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேலும் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். முன்தேதியிட்டு, ஏப்ரல் 1 முதல் மே 31 வரை. நோயாளியின் பான் அல்லது ஆதார், பணம் கட்டுகிறவரின் பான் அல்லது ஆதார், இருவருக்கும் என்ன உறவு, இந்த விவரம் இருந்தால் போதும். நாட்டில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் தொற்று பதிவான வாரம் அது. மூச்சுத் திணறிக் கிடப்பவனின் மச்சான், பெண்டாட்டி நகையை அடகு வைத்துக் கட்டுக் கட்டாகப் பணம் கொண்டுவருகிறான். அதைக் கவுன்ட்டரில் வாங்குவதில் மருத்துவமனைக்கு ஒரு சட்டச் சிக்கலும் வந்துவிடக் கூடாதாம். என்ன கரிசனம்!

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு தொழில் தோன்றியது. புதுச்சேரி வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஜெராக்ஸ் மெஷின். ‘கொரோனா நிவாரண விதிமுறை ஆலோசனை, கிளினிக்குகளுக்கு மட்டும்’ என்று போர்டு. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இது வக்கீல்களும் ஆடிட்டர்களும் கொழித்த தொழில். 2020 மார்ச்சில் அங்கே கொரோனா நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை பிறகு 17,800 கோடி டாலர் வரை போனது. முதல் தவணை 3,000 கோடி டாலர், ஏப்ரல் 10 முதல், யாரும் மனுப் போடாமலே அவரவர் வங்கிக் கணக்கில் விழுந்தது. விதிகள் அப்புறம்தான் வந்தன: நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடு, 10,000 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் கணக்குக் காட்டு, ஒரே ஆண்டில் அரசுப் பணம் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் செலவழித்திருந்தால் தணிக்கைக்கு உட்படு. அங்கேயும் தில்லுமுல்லு நடந்தது, வழக்குகளும் வந்தன. ஆனால் டாக்டர் கையில் காசு இருந்தது. அதற்கு அவர் கணக்குச் சொன்னார். நம் டாக்டருக்குக் கையில் காசே வரவில்லை. விதி மட்டும் வந்தது.

2021இல் கடைக்கு வருகிற முதல் ஆள் பாகூர் பக்கத்து டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். கடையும் கற்பனை, டாக்டரும் கற்பனை. நான் அவருக்குப் படித்துக் காட்டும் விதிகளில் ஒன்றுகூடக் கற்பனை இல்லை. ஒற்றை அறை கிளினிக். வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு கம்பவுண்டர், மேசையில் ஒரு நெபுலைசர். கடலூர் எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் ஆள் வருகிற கிளினிக். பொதுமுடக்கத்தில் எல்லையை அடைத்ததும் பாதிப் பெஞ்சு காலி.

“தம்பி, எனக்கு ஏதாவது வருமா?”

“ஏன் வராது டாக்டர்? 2020 மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தார்கள். ஆகஸ்ட்டில் டாக்டர்களுக்கும் உண்டு என்று சேர்த்தார்கள். சொல்லுங்கள், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் உங்களுக்கு எவ்வளவு தொழில் கடன் பாக்கி இருந்தது?”

“கடனா? நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்ல தம்பி.”

“போச்சு. பாக்கி இருந்தால்தானே டாக்டர் அதில் 20 சதவீதம் புதுக் கடன் தருவார்கள்? கடன் இல்லாத ஆளுக்கு எதை வைத்து 20 சதவீதம் போடுவது?”

அவர் முகம் வாடுகிறது. வாடக் கூடாது, கைவசம் இன்னும் இருக்கிறது. 2021 மே கடைசியில், அதே திட்டத்தின் நான்காம் பதிப்பு. ஆக்சிஜன் உற்பத்தி செய்யும் ஆலை வைக்க இரண்டு கோடி ரூபாய் வரை கடன், வட்டி ஏழரை சதவீதத்துக்கு மேல் போகாது, நூறு சதவீத உத்தரவாதம். ஊசி போடுகிற அறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் இருக்கிறதே, அங்கே ஆலையை நிறுத்திவிடலாம். அதுவும் பிடிக்கவில்லையா? 2021 ஜூன் 28 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தது இருக்கிறது. பெருநகரங்களுக்கு வெளியே மருத்துவக் கட்டமைப்புக்கென்று 50,000 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம். ஒருவருக்கு அதிகபட்சம் 100 கோடி, வட்டி உச்சவரம்பு 7.95 சதவீதம். பாகூர் பெருநகரம் இல்லை என்பதை நிரூபிக்க ஒரு படிவமும் தேவைப்படாது. நூறு ரூபாய் பீஸ் வாங்குகிற மனிதர் நூறு கோடியை எப்படித் திருப்பிக் கட்டுவார் என்பது வங்கியின் கவலை. பாகூர் ஏரியையே ஈடு காட்டினால் ஒருவேளை மேலாளர் மனம் இரங்கலாம்.

இத்தனையும் கடன். நிவாரணம் என்று மேடையில் கைதட்டல் வாங்கிய சொல், வங்கி வாசலுக்கு வந்ததும் தவணையாகிவிட்டது. அவசர நிதியாக 2020 ஏப்ரலில் 15,000 கோடியும் 2021 ஜூலையில் 23,123 கோடியும் அறிவித்தார்களே என்று கேட்பீர்கள். அது அரசு மருத்துவமனைகளின் படுக்கைக்கும் பரிசோதனைக்கும். போக வேண்டிய இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முதலில் தட்டுவது அந்த ஒற்றை அறைக் கதவைத்தான்.

அந்தக் கதவுக்குள் செலவு மட்டும் தவறாமல் வந்தது. கொரோனா கழிவுக்கு இரட்டை அடுக்குப் பை, அதன்மேல் ‘கோவிட்-19’ என்று சீட்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு. கவச உடை, முகக்கவசம், ஆக்சிமீட்டர், சானிடைசர், ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனாலேயே வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை டாக்டர் திரும்பப் பெற முடியாது. விலக்கு என்று பெயர், சுமை என்று பலன். சானிடைசருக்கு 18 சதவீதம், மருத்துவ ஆக்சிஜனுக்கும் ஆக்சிமீட்டருக்கும் 12 சதவீதம். ஜிஎஸ்டி கவுன்சில் மனமிரங்கி எல்லாவற்றையும் 5 சதவீதம் ஆக்கியது 2021 ஜூன் 12 அன்று. இரண்டாம் அலை உச்சம் தொட்டது மே முதல் வாரத்தில். சுடுகாட்டில் வரிசை கலைந்த பிறகு ஆக்சிஜன் விலை இறங்கியது.

அந்த ஜிஎஸ்டி கவுன்சிலில் புதுச்சேரிக்கும் ஒரு நாற்காலி உண்டு. வரி வாங்குகிற சட்டத்தில் புதுச்சேரி ‘மாநிலம்’. நிதிக்குழு பங்கு பிரிக்கிற அறைக்குள் நுழைந்தால் அதே புதுச்சேரி ‘யூனியன் பிரதேசம்’, வெளியே நில். உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்த 15ஆவது நிதிக்குழு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கொரோனா கற்பித்த பாடம் என்றார்கள். மாநிலங்களுக்கான அந்தப் பட்டியலில் புதுச்சேரியின் பெயரே கிடையாது. வில்லியனூரில் இருந்து சில கிலோமீட்டர் போனால் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம்; அங்கே இருக்கிற துணை சுகாதார நிலையத்துக்குப் பாடம் பொருந்தும், இங்கே இருப்பதற்குப் பொருந்தாது.

பெயர் இருந்திருந்தாலும் பணத்தை யார் கையில் கொடுப்பது? வில்லியனூரும் பாகூரும் 1880இல் பிரெஞ்சு ஆணையால் கொம்யூன் என்ற உள்ளாட்சிகள் ஆனவை. காலனிக்காரன்கூட ஒரு மேரையும் தேர்ந்தெடுத்த சபையையும் வைத்துக்கொள்ளச் சொன்னான். சுதந்திர இந்தியாவில், 1968 தேர்தலுக்குப் பிறகு புதுச்சேரி உள்ளாட்சித் தேர்தலைக் கண்டது 2006இல் ஒருமுறைதான். 2011இல் பதவிக்காலம் முடிந்தது. பெருந்தொற்று வந்தபோது கொம்யூன் பஞ்சாயத்தில் மக்கள் வாக்களித்து உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை. 2021இல் தேர்தல் தேதி அறிவித்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் அதையும் திரும்பப் பெற்றார்கள். எங்கள் ஊர் கிளினிக்குக்கு ஏன் ஒன்றுமில்லை என்று கேட்க ஒரு வார்டு உறுப்பினர் வேண்டாமா? இருந்ததெல்லாம் ஆணையரும் அவருடைய ரப்பர் ஸ்டாம்பும். மேலே, துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் சட்டமன்றத்துக்கும் யார் பெரியவர் என்ற போட்டி. 2021 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் ஆளுநரும் போனார், ஆட்சியும் போனது. கொரோனாவை வைத்து இங்கே நடந்தேறிய வேலை, 2020 மே மாதம் மதுக்கடைகளைத் திறந்து கொரோனா வரி போட்டதுதான்.

இனி என் கடையின் கடைசிச் சேவை. இதற்குச் சிரிக்க முடியாது. 2020 மார்ச்சில் பிரதமரின் கரீப் கல்யாண் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் 22.12 லட்சம் பேருக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தார்கள். தனியார் டாக்டர் என்றால், கொரோனா பணிக்கு அரசு அவரை அழைத்துப் பணித்திருக்க வேண்டும். நவி மும்பையில் ஒரு டாக்டர். கிளினிக்கைத் திறந்து வை, மூடினால் வழக்கு என்று 2020 மார்ச் 31 அன்று மாநகராட்சி ஆணையர் நோட்டீஸ் கொடுத்தார். திறந்து வைத்தார். ஜூன் மாதம் இறந்தார். மனைவி காப்பீடு கேட்டபோது, திறக்கச் சொன்னது உண்மை, ஆனால் அது கொரோனா பணிக்கான அழைப்பு அல்ல என்றார்கள். 2021 மார்ச் 9 அன்று மும்பை உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே மாதம் 24ஆம் தேதியோடு காப்பீடு முடிந்தது என்று சுற்றறிக்கை போய், நாடு திட்டிய பிறகு நீட்டித்தார்கள். எத்தனை டாக்டர்கள் செத்தார்கள் என்பதிலேயே அரசுக்குக் கணக்கு உதைத்தது. 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் 162 என்றது. இந்திய மருத்துவச் சங்கம் 734 என்றது. பிணத்தை எண்ணுவதிலும் தகுதி பார்த்தார்கள்.

உச்சநீதிமன்றம் 2025 டிசம்பரில்தான் தனியார் டாக்டர்களையும் அரசு பணிக்கு அழைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. யாருக்கும் உடனே காசோலை கிடைத்துவிடாது; கொரோனா பணியில்தான் இறந்தார் என்பதை அவரவர் குடும்பம் சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். எனவே பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒரு பையோடு வருகிறார் என்று வையுங்கள். ஆய்வகத்தின் பாசிட்டிவ் ரிப்போர்ட்டா, இதோ. இறப்புச் சான்றிதழா, இதோ. ஆதார், இதோ. அடுத்து, இறந்தவர் எங்கள் நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார், கொரோனா நோயாளிகளைப் பார்க்க நாங்கள்தான் அவரைப் பணித்தோம் என்று நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ்.

“கிளினிக் யார் பேர்லம்மா?”

“அவர் பேர்லதாங்க.”