ஒரு நாய்க்கு ஒன்றரைக் குதிரை

நேற்று மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் ஏர்கான் மாட்டிவிட்டுப் போனார்கள். நாய்க்காக. அந்த நாய் இன்னும் வரவில்லை. எந்த நாய் என்பதுகூட முடிவாகவில்லை. ஏர்கான் மட்டும் வந்துவிட்டது, பணமும் போய்விட்டது. மாட்டிய பையனிடம் எத்தனை சக்தி என்று கேட்டேன். "ஒன்றரை ஹார்ஸ்பவர், அங்கிள்" என்றான். ஒரு நாயைக் குளிர்விக்க ஒன்றரைக் குதிரை.

வீட்டுக்கு ஏற்ற நாயை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சல்.

மகளுக்கு சைபீரியன் ஹஸ்கி வேண்டும். மனைவிக்கு ஷிட்ஸு. ஆறு வாரமாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. போன வாரம் வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்று வருடமாக பினாங்கு பக்கம் தலைகாட்டாத சிங்கப்பூர் மச்சினன்கூட ஹஸ்கிக்கு ஓட்டுப் போட்டான். நாயே வேண்டாம் என்று ஓட்டுப் போட அதில் இடமில்லை. கேட்டதற்கு, "அது ஆப்ஷன்ல இல்லப்பா" என்றாள் மகள்.

ஹஸ்கி என்றால் என்ன என்று எனக்கு இப்போது மனப்பாடம். சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய். 1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரத்தை 20 வண்டியோட்டிகள் மாற்றி மாற்றி ஓட்டி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டோகோ, பால்டோ என்ற நாய்களின் பெயர் உலகமெல்லாம் தெரியும். எல்லாம் வாஸ்தவம். எங்கள் வீட்டிலிருந்து பத்து லஞ்சாங் சந்தைக்கு நான் மோட்டாரில் போய்விடுவேன். மருந்து வேண்டுமென்றால் முனையிலேயே கிளினிக் இருக்கிறது. அந்த நாய் இங்கே வந்து எதை இழுக்கப்போகிறது?

ஷிட்ஸு திபெத்து வம்சம், சீன அரண்மனையில் வளர்ந்தது. பெயருக்கு அர்த்தம் சிங்கம். சப்பை மூக்கு, புழுக்கம் ஏறினால் மூச்சு வாங்கும். இன்று உலகத்தில் இருக்கிற ஷிட்ஸு அத்தனையும் வெறும் 14 நாய்களின் வாரிசுகளாம். எங்கள் சொந்தத்திலும் அப்படித்தான், ஆனால் நாங்கள் அதை விளம்பரப்படுத்துவதில்லை. ஷிட்ஸுவுக்குக் கண்ணில் விழாதபடி முடியை உச்சியில் சேர்த்து ரப்பர் போட வேண்டும். மாதாமாதம் முடிவெட்ட ஆகிற செலவைக் கடைப்பெண் சொன்னபோது என் கை தானாக என் தலையைத் தடவிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆ சோவிடம் அபிப்பிராயம் கேட்டேன். "கெச்சில், தாப்பி பிசிங்" என்றார். சின்னதுதான், ஆனால் ஓயாத சத்தம். அதோடு அவர் தீர்ப்பு முடிந்தது. எங்கள் வீட்டில் ஆறு வாரம்.

ஒன்று சைபீரியா, ஒன்று திபெத். எங்கள் ஜார்ஜ் டவுன் பூமத்தியரேகைக்கு ஐந்து டிகிரி தள்ளி இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போட்ட சட்டை எட்டரைக்கு முதுகில் ஒட்டுகிறது. "அப்ப ஹாலுக்கு ஏர்கான் போட்டே ஆகணும்" என்றாள் மனைவி. எந்த நாய் வந்தாலும் ஏர்கான் வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஏர்கான் உண்டு, படுக்கையறையில். அதற்குச் சட்டதிட்டம் உண்டு. இரவு பத்தரைக்கு முன்னால் போடக்கூடாது. 26க்குக் கீழே இறக்கக்கூடாது. கதவைத் திறந்தால் ஐந்து எண்ணுவதற்குள் சாத்த வேண்டும். ஒரு மணிக்கு டைமர். டைமர் மறந்தாலும் மனைவி மறப்பதில்லை. தூக்கத்திலேயே, கண் திறக்காமல், ரிமோட் இருக்கிற இடத்துக்கு அவள் கை நேராகப் போகும். கொம்தார் கோபுரமே இடம் மாறினாலும் அந்தக் கை தடம் மாறாது. டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் விடியும்வரை நானும் என் வியர்வையும். 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸ், கெடாவில் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அரசாங்கமே இரங்கிய அந்த வருடத்திலும் எங்கள் டைமர் ஒரு மணிதான். எனக்கு பிரஷர் வந்தபோது, "டாக்டர் குளிர்ச்சியா இருக்கச் சொல்றார்" என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வேளை மோர் கொடுத்தாள்.

ஹாலில் 28 வருடமாக ஒரு சீலிங் ஃபேன். மூன்றில் வைத்தால் காற்று வராது, ஐந்தில் வைத்தால் பேப்பர் பறக்கும், நான்கு வேலை செய்யாது. ஹாலுக்கு ஏர்கான் என்று நான் எடுத்தபோதெல்லாம், "கரண்டு பில் யார் கட்டுறது?" என்ற கேள்வி வரும். நான்தான் கட்டுகிறேன். அதைச் சொன்னால் வாக்குவாதம் ஆகிவிடும். இப்போது இன்னும் பிறந்ததா இல்லையா என்றே தெரியாத ஒரு நாய்க்கு, பகலெல்லாம் 22 வைக்கலாமா 24 வைக்கலாமா என்று தாயும் மகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். "பாவம்ங்க, வாயில்லா ஜீவன்" என்கிறாள். 33 வருடமாக நான் மட்டும் இந்த வீட்டில் வாயைத் திறந்து என்ன கண்டேன்?

ஏர்கான் போதாதாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹஸ்கியை பினாங்கு மலைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறாள் மகள். மலை 833 மீட்டர், மேலே நாலைந்து டிகிரி குறைவு, நாய்க்கு இதமாக இருக்கும். அந்த யோசனை முதலில் வெள்ளைக்காரனுக்கு வந்தது. 1923இல் இழுவை ரயில் ஓடத் தொடங்கும் முன்னால் அவன் டோலியில் உட்கார்ந்துகொள்வான், கூலிகள் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ரயிலில் நாயை விடுவார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விடவில்லையென்றால் டோலிதான். முன்னால் நான், பின்னால் மகள், நடுவில் 25 கிலோ ஹஸ்கி. பொட்டானிக்கல் கார்டன் பக்கம் மூன் கேட் வழியாக ஏறுகிறோம். மூச்சு வாங்க இறங்குகிற சீனக் கிழவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். வண்டி இழுக்கவென்றே பிறந்த ஜாதி மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது, ஓய்வுபெற்ற துறைமுக குமாஸ்தா இழுக்கிறான். நூறு வருடம் கழித்து டோலியில் ஏறுகிற ஆள்தான் மாறியிருக்கிறது.

போகட்டும், குரைத்துத் தொல்லை பண்ணாதாமே என்று நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். "ஹஸ்கி அதிகம் குரைக்காதுப்பா, ஊளையிடும்" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பிறந்த எஸ்டேட்டில் ராத்திரி நாய் ஊளையிட்டால் என் ஆயா எழுந்து உட்கார்ந்து, லயத்தில் யார் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுவார். எனக்கு 66 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. என் வீட்டு வாசலிலேயே தினமும் ஊளையிட ஒரு நாயைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். சீனர்களின் ஏழாம் மாதம், பேய் மாதம் வந்தால் ஆ சோ எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஹஸ்கி வேலியைத் தாண்டி, மண்ணைத் தோண்டி ஓடுவதில் கெட்டிக்கார நாய் என்றும் சொல்கிறார்கள். எதிர்வீட்டு ஹாஜியார் தங்கமான மனிதர், ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து முறுக்கு சாப்பிட்டுப் போகிறவர். அது ஈர மூக்கோடு அவர் வாசலில் போய் நின்றால், மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டியது அவர், தலைகுனிய வேண்டியது நான்.

இதையெல்லாம் சொல்லாமல் விட்டேனா? சொன்னேன். நம் நாட்டிலேயே தெலோமியன் என்று ஓர் இனம் உண்டு என்றும் சொன்னேன். தெலோம் ஆற்றங்கரை ஓராங் அஸ்லி பழங்குடி மக்களோடு வாழ்ந்த நாய். மேடை வீட்டுக்கு ஏணியில் தானே ஏறிப்போகும். 1963இல் ஓர்வில் எலியட் என்ற அமெரிக்கர் ஒரு ஜோடியைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார், அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்து வளர்த்தார்கள். இந்த வெயிலிலேயே பிறந்த நாய், ஏர்கான் கேட்காது என்றேன். மகள் போனில் தேடிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பின்சந்து நாய் மாதிரியே இருக்குப்பா" என்றாள். அமெரிக்காக்காரன் கப்பலேற்றியதை நாம் சந்தில் விட்டிருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஷிட்ஸுதான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

எஸ்டேட்டில் நாய் இனம் என்றால் நிறம்தான். கறுப்பன், செவலை, வெள்ளையன். ஒருவரும் தேர்ந்தெடுத்ததில்லை, அதுவாக வரும், இந்த வீடு சரிப்படுமா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். தமிழிலேயே திட்டுவோம், தமிழிலேயே புரிந்துகொள்ளும். இப்போது பூஜை மந்திரம் தவிர மற்றதெல்லாம் தமிழில் பேசுகிற என் மனைவி, ஷிட்ஸு வந்தால் சொல்வதற்காக "சிட்! ஸ்டே! குட் கேர்ள்!" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே பழகிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பின்சந்திலும் ஒரு கறுப்பன் இருக்கிறான். 2015இல் வெறிநாய்க்கடி பயத்தில் பினாங்கில் தெருநாய்களை ஒழிக்க உத்தரவு போட்டபோது, ஆ சோ தன் சமையலறைப் பின்கதவுக்குள் இழுத்துப் போட்டு மறைத்து வைத்த பெட்டை நாயின் பேரனோ கொள்ளுப்பேரனோ. அவனுக்கு வாக்கெடுப்பில் பெயர் இல்லை, என் ஓட்டைப் போலவே.

நேற்று சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஹாலில் உட்கார்ந்தேன். ரிமோட் டிவிக்கு மேலே இருந்தது. 22 வைத்தேன். முகத்தில் காற்று பட்டதும் கண்ணை மூடினேன். அரைமணி இருக்கும்.

"என்னங்க! நாயே இன்னும் வரல, யாருக்கு ஏர்கான் ஓடுது?"

ரிமோட் இப்போது அவள் கைப்பையில். நான் எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். ஏர்கான் குழாயிலிருந்து சில்லென்ற தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அது விழுகிற இடத்தில் சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பி, நாலு காலையும் நீட்டிக் கறுப்பன் படுத்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.